1-0-0ன்னு எழுதிக் குடுத்தா போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

கேன்சர்னாலே ஊசி, டிரிப்ஸ், முடி கொட்டுறதுன்னுதான் எல்லாரும் நினைக்கிறாங்க, ஆனா வீட்லயே தினமும் மாத்திரை போட்டுக்கிட்டு வேலைக்கும் போயிட்டு வர்றவங்க இப்ப நிறைய பேர், எங்க வீட்டுக்காரரும் அதுல ஒருத்தர். அவருக்கு சிஎம்எல்ங்கிற ரத்தப் புற்றுநோய், இமாடினிப் 400 மில்லிகிராம், தினம் ஒண்ணு, வருஷக்கணக்கா ஓடுது. நான் எழுத வந்தது மாத்திரை கவர் மேல பேனாவால கிறுக்கித் தர்ற அந்த 1-0-0 பத்தி. காலைல ஒண்ணு, சரி. சாப்பிட்டுட்டா, வெறும் வயித்துலயா, போட்டதும் படுக்கலாமா, வாந்தி எடுத்தா இன்னொண்ணு போடணுமா, இது எதுவுமே அதுல கிடையாது. டாக்டரையும் குத்தம் சொல்ல முடியாது, ஓபில வெளிய நிக்கிற கூட்டத்தைப் பாத்தா ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரம்தான் பேசுவாரு.

இமாடினிப் வயித்தைப் புரட்டும். ரெண்டு இட்லிய அவசரமா முழுங்கி, மாத்திரையையும் போட்டுட்டு எட்டரை ஷிப்டுக்கு பஸ் ஏறினா பாதி வழியிலயே வாயில தண்ணி ஊற ஆரம்பிச்சிடும், பனியன் கம்பெனிக்குள்ள போனா மிஷின் எண்ணெய் வாடையே அவருக்கு ஆகாது. இதைச் சொன்னப்பதான் டாக்டர், காலைலயே போடணும்னு ஒண்ணும் இல்லம்மா, எந்த வேளை வயிறு நிறைய சாப்பிடுறாரோ அந்த வேளையோட போடுங்க, ஆனா தினமும் அதே நேரமா இருக்கட்டும்னாரு. இப்ப ராத்திரி ஏழரைக்கே சாப்பாடு, சாப்பிட்ட கையோட மாத்திரை, பெரிய டம்ளர் நிறைய தண்ணி, அப்புறம் உடனே படுக்காம ஒன்பதரை வரைக்கும் டிவி முன்னாடி உக்காந்திருப்பாரு, இல்லன்னா நெஞ்சு எரியும். காலைல பஸ்ல இப்ப குமட்டல் இல்ல. கண்ணைச் சுத்தி வீங்குறதும் கெண்டைக்கால் பிடிச்சுக்கிறதும் மட்டும் அப்படியேதான் இருக்கு, நேரத்தை மாத்தினா எல்லாமே போயிடும்னு நான் சொல்ல வரல.

இதைப் படிச்சுட்டு யாரும் அப்படியே எடுத்துக்க வேண்டாம், நான் எழுதுறதே அதுக்காகத்தான். கிளினிக் பெஞ்சுல உக்காந்திருக்கும்போது பக்கத்துல இருக்கிறவங்க, எங்களுக்கு சாப்பிட்டுட்டு போட்டா ஒத்துக்குது, நீங்களும் அப்படியே போடுங்கன்னு நல்ல மனசோடதான் சொல்றாங்க. ஆனா அதே சிஎம்எல்லுக்கு நிலோடினிப் கேப்சூல் எடுக்கிறவங்க சாப்பாட்டோட போட்டா மருந்து ரத்தத்துல அளவுக்கு மேல ஏறி இதயத் துடிப்பையே பாதிக்கலாம், அதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம், பின்னாடி ஒரு மணி நேரம் வயிறு காலியா இருக்கணும், அதுவும் பன்னெண்டு மணி நேர இடைவெளில ரெண்டு வேளை. டாசாடினிப்புக்கு சாப்பாடு பிரச்சினை இல்ல, ஆனா நம்ம ஊர்ல கேக்காமலே காலைல முழுங்குற பான்டோப்ரசோல் மாதிரி கேஸ் மாத்திரை அந்த மருந்தை உடம்புல சேர விடாது. குடல் புற்றுநோய்க்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தர்ற கேப்சிடாபின் காலைலயும் ராத்திரியும் சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள்ள. புராஸ்டேட்டுக்கு தர்ற அபிராட்டிரோன் பொதுவா வெறும் வயித்துல. மார்பகப் புற்றுநோய்க்கு வருஷக்கணக்கா சாப்பிடுற டாமாக்சிஃபென் சாப்பிட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம், குமட்டினா எந்த வேளைக்கு மாத்தலாம்னு டாக்டர்கிட்டயே கேட்டுக்கலாம். எல்லாமே கேன்சர் மாத்திரைதான், ஒண்ணோட கணக்கு இன்னொண்ணுக்கு ஒத்து வராது.

இன்னொண்ணு, ஒரு வேளை மறந்துட்டா மறுநாள் ரெண்டா சேத்துப் போடுறவங்க இருக்காங்க, அது கூடாது. போட்டதும் வாந்தி எடுத்துட்டா உடனே இன்னொண்ணு போடுறதும் கூடாது, டாக்டருக்கு போன் பண்ணணும், அடுத்த வேளை வழக்கம்போல. குமட்டுதேன்னு ரெண்டு நாள் நிறுத்தி வெச்சுப் பாக்குறதுதான் இதுல எல்லாம் மோசம், சிஎம்எல்ல மருந்து விட்டு விட்டுப் போட்டா நோய் கட்டுப்பாட்டை விட்டுப் போயிடும். அப்படி நிறுத்துறவங்கள்ல பாதிப் பேருக்கு வேளைய மாத்தலாம்னு ஒருத்தர் சொல்லியிருந்தா நிறுத்தியிருக்கவே மாட்டாங்கன்னு எனக்குத் தோணும்.

2013 ஏப்ரல்ல இமாடினிப் காப்புரிமை வழக்குல நோவார்ட்டிஸ் கம்பெனிக்கு எதிரா உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னதால, நம்ம நாட்டுக் கம்பெனிங்க இந்த மாத்திரைய மலிவா தயாரிக்கிறது தொடர்ந்துச்சு, எங்கள மாதிரி குடும்பம் இன்னிக்கு சமாளிக்குதுன்னா அதுவும் ஒரு காரணம். மாத்திரைக்கு இவ்வளவு பெரிய வழக்கு நடந்த நாட்டுல, அதை எப்படி சாப்பிடணும்னு தமிழ்ல நாலு வரி அடிச்சு கவரோட பின் பண்ணிக் குடுக்க என்ன செலவாகும்? ஸ்டிரிப்போட வர்ற இங்கிலீஷ் காகிதத்தை பூதக்கண்ணாடி வெச்சாலும் படிக்க முடியாது. பார்மசில இருக்கிறவங்க படிச்சவங்கதான, சாப்பாட்டோடயா இல்லையா, என்ன இடைவெளி, வேற என்ன மாத்திரை கூட சேரக் கூடாது, மறந்தா என்ன பண்ணணும், இதை மட்டும் எழுதினா போதும். அரசு ஆஸ்பத்திரில ஆரம்பிச்சா தனியாரும் பண்ணுவாங்க.

உங்க மருத்துவப் பக்கத்துலயும் வாரம் ஒரு மருந்துன்னு எடுத்து ஒரு புற்றுநோய் டாக்டர்கிட்ட கேட்டு சின்னதா ஒரு பெட்டிச் செய்தி போடுங்க சார், எழுத்து மட்டும் கொஞ்சம் பெருசா இருக்கட்டும், வெட்டி பிரிட்ஜ் மேல ஒட்டிக்குவோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருப்பூர்