கோழிக் கம்பெனி வாங்கிய கிளப்

பெரியவனுக்கு,

போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால் எழுதியே அனுப்புகிறேன், பஸ்சில் போகும்போது படி. இங்கிலாந்தில் உன் வேலையிடத்தில் "உங்க ஊர்க்காரங்கதான் எங்க பிளாக்பர்ன் ரோவர்ஸ் கால்பந்து கிளப்பை வாங்கிக் கெடுத்தாங்க" என்று கிண்டல் செய்தார்கள், நீயும் சிரித்து மழுப்பிவிட்டு வந்தாய் என்றாயே, எனக்கு அது பிடிக்கவில்லை. வாங்கிய கம்பெனி இருக்கும் புனேவுக்கும் நம்ம வியாசர்பாடிக்கும் என்னடா சம்பந்தம்? ஆனால் அவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, அதையும் தெரிந்துகொண்டு பேசு.

சின்னவனை உட்காரவைத்து எல்லாவற்றையும் தேடிப் படிக்கச் சொன்னேன். வெங்கீஸ் கோழிக் கம்பெனிக்காரர்கள் பிளாக்பர்ன் ரோவர்ஸை வாங்கியது 2010 நவம்பரில். அடுத்த மாதமே, டீம் 13-வது இடத்தில் இருக்கும்போது, டீமை நடத்திய மேனேஜர் சாம் அலர்டைஸை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அதுவரை மேனேஜராக இருந்தே பழக்கமில்லாத ஸ்டீவ் கீனை உட்காரவைத்தார்கள். 2012 மே மாதம் விகன் டீமிடம் தோற்று, அங்கே முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியாயிற்று. அந்த மேட்சில் ஒரு உயிருள்ள கோழிக்கு கிளப் கொடியைப் போர்த்தி மைதானத்துக்குள் விட்டார்களாம், பாவம் கோழி. 2017-ல் மூன்றாம் டிவிஷனுக்கே போய், அடுத்த வருஷம் ஒரு படி ஏறினார்கள். அதோடு சரி.

அதற்காக பணக்காரன் வாங்கினாலே கிளப் நாசம் என்று அளக்காதே. 1995-ல் இதே ரோவர்ஸ் பிரீமியர் லீக் ஜெயித்தது ஜாக் வாக்கரின் பணத்தில்தான். இரும்பில் சம்பாதித்த உள்ளூர்க்காரர், ஸ்ட்ரைக்கர் ஆலன் ஷியரரை பிரிட்டனில் அதுவரை இல்லாத விலைக்கு வாங்கினார், கப்பைக் காசு கொடுத்து வாங்கிவிட்டார்கள் என்று மற்ற ஊர்க்காரர்கள் புகைந்தார்கள். அவரும் மகான் இல்லை, வரி குறைவு என்று ஜெர்சி தீவில் குடியிருந்தவர்தான். 2000-ல் அவர் இறந்தார், பத்து வருஷம் கழித்து வெங்கீஸுக்கு விற்றது அவர் விட்டுப்போன டிரஸ்ட்தான். கிண்டல் செய்பவர்களிடம் இதைக் கேள்: விற்கும்போது உங்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

நீ பத்தாவது படிக்கும்போது ஒரு பைனான்ஸ்காரர் உங்கள் டீமுக்கு ஜெர்சியும் ஷூவும் எடுத்துக் கொடுத்தாரே, முதுகில் நம்பரைவிட அவர் போட்டோ பெரிதாக இருக்கும், துவைத்தவள் நான், மறப்பேனா. இரண்டு செவன்ஸ் போட்டி முடிவதற்குள் தன் மச்சான் மகனைத்தான் பார்வர்டில் இறக்க வேண்டும் என்று நின்றார். கோச் முடியாது என்றதும் எல்லாவற்றையும் மூட்டை கட்டி எடுத்துப் போய்விட்டார், நீங்கள் வெள்ளை பனியனில் ஸ்கெட்ச் பேனாவால் நம்பர் எழுதிக்கொண்டு செமி பைனல் ஆடித் தோற்றீர்கள், வியர்வையில் மை வழிந்து நம்பரே தெரியவில்லை. அவரால் எடுத்துப்போக முடிந்தது துணியும் ஷூவும் மட்டும்தான். அங்கே மைதானம், பிளேயர்களின் ஒப்பந்தம், கிளப்பின் பெயர் வரைக்கும் முதலாளி கையில். 2023-லிருந்து இந்தியாவில் நடந்த வெங்கீஸ் வழக்கு ஒன்றால் கிளப்புக்குப் பணம் அனுப்பவே டெல்லி உயர் நீதிமன்றத்தில் அனுமதி கேட்க வேண்டியதாயிற்று. பிளாக்பர்ன் இருக்கும் லங்காஷயரில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவன் டெல்லி கோர்ட் தேதியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று, கொடுமைதானே.

வெங்கீஸ் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும், வருஷா வருஷம் நஷ்டத்தை அவர்கள்தான் கட்டிவந்தார்கள். உனக்குப் பக்கத்து ஊர் பெரி கிளப்பை ஒருவர் ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கினார், பணம் காட்ட முடியாமல் 2019-ல் லீக்கிலிருந்தே தூக்கிவிட்டார்கள். ஜெர்மனியில் ஒன்றிரண்டு கிளப் தவிர மற்றதில் பாதிக்கு மேல் ஓட்டு கிளப் உறுப்பினர்களான ரசிகர்களிடம் இருக்க வேண்டும் என்று விதி, யார் வந்து பணம் போட்டாலும் அவர்களைத் தாண்டி விற்க முடியாது. இங்கிலாந்தில் 2025-ல்தான் கிளப்களைக் கண்காணிக்கச் சட்டமே வந்தது. நம்மை மட்டும் என்ன கேட்டார்கள்? நம்ம வியாசர்பாடி தனபால் கணேஷ் ஆடிய சென்னையின் எஃப்.சி., அபிஷேக் பச்சனும் தோனியும் பங்கு வைத்திருக்கும் கிளப்தான். 2025 ஜூலையில் அது ஆடும் இந்தியக் கால்பந்து லீக்கான ஐ.எஸ்.எல்.லையே நிறுத்திவைத்தபோது ஃபெடரேஷனும் லீக்கை நடத்திய கம்பெனியும்தான் பேசிக்கொண்டார்கள், கேலரியில் தொண்டை கிழியக் கத்துகிறவனுக்குப் பேப்பரில்தான் தெரிந்தது.

அப்புறம், சின்னவன் ரோவர்ஸ் ஜெர்சி கேட்கிறான். புதுசு வாங்கினால் காசு முதலாளிக்குப் போகும் என்று உன் கூட்டாளிகள் சண்டைக்கு வருவார்கள், ஷியரர் காலத்துப் பழைய ஜெர்சி எங்கேயாவது கிடைக்குமா என்று அவர்களிடமே கேட்டுப் பார். அளவு மீடியம்.

அம்மா