எங்கள் வீட்டில் மட்டும் சேராத ஜோடி

அனுப்புநர்: ஆண்டுச் சந்தாதாரர், மதுரை.
பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்.
பொருள்: படத்தின் கடைசி நிமிடம் மறைக்கப்படுவது குறித்து.

ஐயா / அம்மையீர்,

கடந்த ஞாயிறு இரவு உங்கள் செயலியில் 'தி ஆஃபுல் ட்ரூத்' (1937) என்ற ஹாலிவுட் நகைச்சுவைப் படம் பார்த்தோம். நான், மனைவி, மாமியார். ஒன்றரை மணி நேரப் படம். முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது படம் சுருங்கி மூலைக்குப் போய்விட்டது. "அடுத்து பார்க்க" என்று திரையில் ஒரு பெட்டி முளைத்து, அதில் ஏதோ பேய்ப்படம் வந்து, ஐந்து எண்ணுவதற்குள் தானாகவே ஓட ஆரம்பித்தது. பின்னால் தள்ளிப் பார்த்தேன். மூன்று முறையும் அதே கதை.

ஒரு நிமிடம்தானே என்று விடமுடியாது. படத்தில் கணவன் மனைவியாக வரும் கேரி கிராண்டும் ஐரீன் டன்னும் விவாகரத்து கேட்டு, நாய் யாருக்கு என்றுகூட நீதிமன்றத்தில் மல்லுக்கட்டி, தீர்ப்பு உறுதியாக 90 நாள் காத்திருக்கிறார்கள். கெடு முடிவது நள்ளிரவில். அன்று மலைவீட்டில் இருவருக்கும் அடுத்தடுத்த அறை. நடுக்கதவின் தாழ்ப்பாள் சரியில்லை, காற்றடித்தால் திறந்துகொள்ளும். இருவரும் படுக்கையில் சேர்வதைக் காட்ட அன்றைய ஹாலிவுட் தணிக்கை விடாது. அதனால் இயக்குநர் லியோ மெக்கேரி முடிவை ஒரு கடிகாரத்திடம் ஒப்படைத்துவிடுகிறார். அதில் ஓர் ஆண் பொம்மையும் பெண் பொம்மையும் வெளியே வந்து அவரவர் கதவுக்குள் போகும். கடைசித் தடவை ஆண் பொம்மை மட்டும் திரும்பி, பெண்ணின் கதவுக்குள் நுழைந்துவிடும். அவ்வளவுதான், படம் முடிந்தது.

அதைத்தான் உங்கள் பெட்டி மறைக்கிறது. "கடைசியில சேர்ந்தாங்களா இல்லையா மாப்பிள்ளை?" என்று மாமியார் கேட்க, பொம்மைக் கதையை நான் வாயால் சொல்ல வேண்டியதாயிற்று. வாயால் சொன்னால் சிரிப்பு வருமா?

உதவி மையத்தில், செயலியை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றச் சொன்னார்கள். ஏற்றினேன். பயனில்லை. கோளாறு என் டிவியில் இல்லை. இன்றைய படங்களில் பெயர்ப்பட்டியல் கடைசியில் நிமிடக்கணக்கில் ஓடும். அந்தக் கணக்கையே எல்லாப் படத்துக்கும் போட்டிருக்கிறீர்கள் போல. 1930களின் படங்களில் பெயர்கள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே வந்துவிடும், கடைசியில் 'முற்றும்' அட்டைதான். உங்களிடமுள்ள பழைய தமிழ்ப் படங்கள் இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். 'சுபம்' போடுவதற்குள் அங்கேயும் பெட்டி வந்து நிற்கிறது.

பழைய படங்களில் இந்தப் பெட்டியை எடுத்துவிடுங்கள். முடியாதென்றால் அணைத்துவைக்க ஒரு வசதியாவது கொடுங்கள். இம்மாதச் சந்தாவைத் திருப்பித் தாருங்கள். 15 நாளில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
சந்தாதாரர்

இணைப்பு: டிவி திரையைப் பிடித்த புகைப்படங்கள் 3 (மூன்றிலும் பேய்தான் தெரிகிறது).