தண்டவாளத்தைக் கரையில் நெய்தவர்

அன்புள்ள தாமரைக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. மாடிப்படி ஏறி வடகம் காயவைக்கிற அளவுக்கு வந்துவிட்டாள்.

"எனக்குள்ளே ஒண்ணுமே இல்லப்பா, காலியாயிட்டேன்" என்று லண்டனிலிருந்து போனில் சொன்னாயே, அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்போது உடனே பதில் சொல்ல வரவில்லை. எனக்குப் பேச்சைவிட எழுத்துதான் கைகொடுக்கும் என்று உனக்குத் தெரியும். நீயும் துணிக்கு டிசைன் போடுகிறாய், நானும் அதைத்தான் செய்கிறேன். அதனால் அப்பாவாக மட்டும் இல்லாமல், அதே தொழில்காரனாகவும் எழுதுகிறேன்.

உனக்குள் ஒன்றும் இல்லை என்றால் அதற்காகப் பயப்படாதே கண்ணு. டிசைன் உள்ளேயிருந்து ஊறி வரும் என்று நம் வீட்டில் யாரும் சொன்னதில்லை. தாத்தா சொல்லமாட்டார். அவர் தறிக்குழியில் கால் வைப்பதற்கு முன்னால் தெருமுனை வரை போய்விட்டு வருவார். எதற்கு என்று கேட்டால், "பார்த்துட்டு வர்றேன்" என்பார். எதைப் பார்த்தார் என்று கேட்டால் பதில் இருக்காது. கொஞ்ச நாள் கழித்து அது சேலைக் கரையில் வந்து நிற்கும்.

காஞ்சிப் பட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வருகிறவர்களுக்கு இங்கே எல்லோரும் கோயிலைத்தான் காட்டுகிறார்கள். கோபுரக் கரை, யாளி, அன்னம், இருதலைப்பட்சி எல்லாம் வரதராஜப் பெருமாள் கோயில் தூணிலிருந்து இறங்கி வந்தவை என்பார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் மீதியை யாரும் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். மல்லிமொக்கு டிசைன் எங்கிருந்து வந்தது? தாழம்பூ ரேக்கு? பாய்மடி, சீப்பு ரேக்கு, நெல்லி, சலங்கை, முத்துச்சீர், குயில்கண்? பாட்டி படுத்து எழுந்து மடித்து வைத்த பாய், அம்மா தலை வாரிய சீப்பு, ஊறுகாய்க்கு வாங்கி வந்த நெல்லிக்காய். கோயிலுக்குப் போகிற வழியில் கிடந்தவைதான் பாதிக்கு மேல்.

அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது தண்டவாளம். செங்கல்பட்டிலிருந்து அரக்கோணம் போகிற ரயில் பாதை நம் ஊர் வழியாகத்தானே போகிறது. பாதை போட்ட பிறகு எவரோ ஒரு நெசவாளி அதன் பக்கத்தில் நின்றிருக்கிறார். அதுவரை இந்த ஊரில் யாரும் பார்த்திராத இரும்பு. அவர் அதைப் பார்த்துப் பயந்திருக்கலாம், வியந்திருக்கலாம். வீட்டுக்கு வந்து சேலையில் இரண்டு கோடு நெய்தார். இரண்டே கோடு, பக்கத்துப் பக்கத்தில், கடைசிவரை சேராமல். அவர் எதையெல்லாம் விட்டார் என்று யோசி. வண்டி இல்லை. புகை இல்லை. குறுக்குக் கட்டை இல்லை, ஜல்லி இல்லை. அத்தனையையும் தள்ளிவிட்டு, தூரத்தில் போய் மறைகிற அந்த இரண்டு கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டார். நம் தொழிலில் பெயர் எழுதிவைக்கிற வழக்கம் இல்லாததால் அவர் யாரென்று எங்கும் இல்லை. ஆனால் தண்டவாளக் கரை போட்ட சேலையைக் கட்டிக்கொண்டு எத்தனையோ பெண்கள் மணமேடை ஏறிவிட்டார்கள்.

அவர் வெளியூர் போய் இதைக் கண்டுபிடிக்கவில்லை. இத்தாலிக்குப் பத்து நாள் போய்வந்தால் ஏதாவது தோன்றும் என்று நீ சொன்னாய். போய்விட்டு வா, சந்தோஷமாக இரு, நல்ல சாப்பாடு சாப்பிடு. ஆனால் டிசைனுக்காகப் போகாதே. புது ஊரில் கண்ணுக்கு முதலில் படுவது எல்லோர் கண்ணுக்கும் படுவதுதான். அதை எல்லோரும் ஏற்கெனவே வரைந்துவிட்டார்கள். உனக்கு மட்டும் தெரிவது, நீ தினமும் நடந்து அலுத்துப்போன வழியில்தான் இருக்கும். அலுத்த பிறகும் அங்கேயே பார்த்துக்கொண்டு நிற்பவருக்குத்தான் அது முகம் காட்டும்.

பார்த்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்லவேண்டும். மல்லிமொக்கை எடுத்துக்கொள். நீ சின்னவளாக இருந்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்து கிராஃப் தாளில் கலர் பென்சிலால் கட்டம் நிரப்புவாய். ஒரு கட்டம் என்றால் நீளவாக்கில் ஓடும் பாவு இழையும் குறுக்கே ஓடும் ஊடை இழையும் சந்திக்கிற ஓர் இடம். அந்தத் தாளைப் பார்த்துத்தான் அட்டை குத்துவார்கள். அட்டையில் ஓட்டை இருக்கிற இடத்தில் கொக்கி மேலே போய் இழையைத் தூக்கும், இல்லாத இடத்தில் இழை கிடந்தபடியே கிடக்கும். நம்மிடம் இருப்பது 240 கொக்கி உள்ள ஜக்கார்டுப் பெட்டி. அதற்குமேல் ஒரு கொக்கிகூட கிடையாது. அதற்குள் மல்லிகையைக் கொண்டுவர வேண்டும். ஆனால் மல்லிகை முழுக்க வளைவு. தறியில் வளைவே கிடையாது, படிக்கட்டுதான். ஒரு கட்டம் மேலே, ஒரு கட்டம் பக்கவாட்டில், இரண்டு கட்டம் மேலே, ஒன்று பக்கவாட்டில். எந்த இடத்தில் இரண்டு, எந்த இடத்தில் ஒன்று என்று தேடுகிறபோதுதான் மொக்கை நிஜமாகவே பார்க்க ஆரம்பிக்கிறோம். அடியில் அது எவ்வளவு ஒல்லி, வயிற்றில் எங்கே உப்புகிறது, நுனி எப்படி மூடிக்கொண்டிருக்கிறது என்றெல்லாம் அதற்குமுன் கவனித்ததே கிடையாது. பூக்காரம்மாவிடம் தினமும் ஒரு முழம் வாங்கியிருப்போம், ஆனால் பார்த்திருக்கமாட்டோம்.

உன் கம்ப்யூட்டரில் கொக்கி எண்ணிக்கை இல்லை. எத்தனை கலர் வேண்டுமானாலும் போடலாம், எந்த வளைவும் வரும், பிடிக்காவிட்டால் ஒரு தட்டலில் அழித்துவிடலாம். அதுதான் உன்னைத் திணறடிக்கிறது என்று நான் நினைக்கிறேன். எல்லாமே முடியும் என்கிறபோது எங்கே தொடங்குவது? நீயே ஒரு பெட்டியைக் கட்டிக்கொள். இருபத்துநாலு கட்டம், இரண்டு கலர், ஒரே பொருள். உன் சமையல் மேடையில் இருக்கிற பூண்டுப் பல் போதும். இந்த அளவுக்குள் அது பூண்டாகத் தெரிகிறவரை விடாதே. பூண்டாகத் தெரிந்ததும் மனசுக்குள் ஒரு சந்தோஷம் வருமே, அதற்காகத்தான் நான் இந்த வயதிலும் காலையில் எழுந்து கண்ணாடியைத் தேடுகிறேன். எவ்வளவு மனக்கஷ்டம் இருந்தாலும் அது வந்திருக்கிறது. தாத்தா போன வருஷத்தில்கூட வந்தது.

கலரும் அப்படித்தான். நம் சாயக்காரர் பேசுகிற கலரெல்லாம் அடுக்களையிலும் கொல்லையிலும் கிடைக்கிறவை. கத்திரிப்பூ, வெங்காயச் சருகு, மாந்துளிர், கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள். மயில் கழுத்து எப்படி வருகிறது என்று உனக்கு நினைவிருக்கும். நீலப் பாவில் பச்சை ஊடை. இரண்டு இழையையும் தனித்தனியாகக் கையில் எடுத்தால் மயில் தெரியாது. சேர்த்து நெய்து வெயிலில் திருப்பும்போதுதான் தெரியும். இதைக் கண்டுபிடித்தவருக்கு மயிலின் கழுத்தை அசையாமல் அல்ல, அது திரும்பும்போது பார்க்கவேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

இது நெசவாளிக்கு மட்டும் உள்ளது இல்லை. உன் பள்ளிக்கூடத்துத் தமிழய்யா சொன்னதை நீதான் வீட்டில் வந்து சொன்னாய். குறுந்தொகையில் ஒரு புலவருக்கு அணிலாடு முன்றிலார் என்று பெயர். ஆள் குடிபெயர்ந்துபோன வீட்டின் முற்றத்தில் அணில் ஆடுகிறதைப் பாட்டில் வைத்தார், சொந்தப் பெயர் போய் அதுவே பெயராக நின்றுவிட்டது. ஈரம் காய்வதற்குள் உழுதுவிட வேண்டுமே என்று தவிக்கிற, ஒரே ஏர் வைத்திருக்கிற உழவனைப் பாடியவர் ஓரேருழவனார். நற்றிணையில் தேய்புரிப் பழங்கயிற்றினார். இரண்டு பக்கமும் யானை பிடித்து இழுக்கிற, புரி தேய்ந்த பழைய கயிறு. நூலோடு வாழ்கிறவனுக்கு அந்தக் கயிறு படும் பாடு படித்தவுடனே கையில் தெரியும். அணிலையும் ஏரையும் கயிற்றையும் அந்த ஊரில் எல்லோரும்தான் பார்த்தார்கள். அவர்கள் மூன்று பேரும் அங்கேயே நின்றார்கள்.

லண்டனில் ஒன்றும் இல்லை, எல்லாம் சாம்பல் நிறம் என்கிறாய். அப்படியா? நீ அனுப்பிய ரயில் இருக்கைத் துணியின் படத்தை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். நார்தர்ன் லைன் பாதாள ரயில் என்று எழுதியிருந்தாய். அது கம்பளியில் நெய்த ஜக்கார்டுத் துணி. நம் பெட்டிக்குப் பெரியப்பா பிள்ளை மாதிரி. உன் அத்தை மகனிடம் சொல்லித் தேடச் சொன்னேன். வாலஸ் சுவெல் என்று இரண்டு பெண்கள் நடத்துகிற நிறுவனம் போட்ட டிசைன், 2010-ல் வந்தது, பார்மன் என்று பெயர். அதில் லண்டன் ராட்டினம், பிக் பென், டவர் பாலம், செயின்ட் பால் கோபுரம் நான்கும் இருக்கின்றன. எல்லாவற்றையும் சின்னச் சின்னக் கோடாக உடைத்து இருக்கை முழுக்கப் பரப்பியிருக்கிறார்கள். தினம் அதன்மேல் உட்கார்ந்துதான் நீ "ஒன்றும் இல்லை" என்று நினைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறாய்.

நீ அங்கே போன புதிதில் இப்படி இல்லை. நடைபாதையில் இருக்கிற வட்ட இரும்பு மூடிகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாய். அந்தக் காலத்தில் வீட்டுக்குக் கீழே இருக்கும் நிலவறைக்குள் நிலக்கரி கொட்டுவதற்கான ஓட்டை, மழையில் கால் வழுக்காமல் இருக்க மேலே மேடு பள்ளமாக வார்த்திருக்கிறார்கள், ஒவ்வொரு தெருவிலும் வேறு வேறு கோலம் என்றாய். 1863-ல் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஷெப்பர்டு டெய்லர் என்கிற பையன் தெருத்தெருவாகப் போய் அந்த மூடிகளை வரைந்தான், 1929-ல் அது புத்தகமாக வந்தது என்றும் சொன்னாய். தெருவில் அத்தனை பேரும் மிதித்துக்கொண்டு போனதைக் குனிந்து பார்த்து வரைந்திருக்கிறான் அந்தப் பையன். அன்றைக்கு உன் குரலில் இருந்த துள்ளலை அம்மாவும் கேட்டாள். அந்தக் கண் எங்கும் போய்விடவில்லை.

ஒரு பாவு பெரும்பாலும் மூன்று சேலைக்கு வரும். முடிந்ததும் பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைக்கவேண்டும். ஆயிரக்கணக்கான இழை. அத்தனை நாளும் தறியில் சத்தம் இருக்காது, ஓர் அங்குலத் துணிகூட வராது. அதைப் பார்த்து, தறி கெட்டுப்போய்விட்டது என்று நம் தெருவில் யாரும் சொன்னதில்லை. நீ இப்போது அந்த இடத்தில் இருக்கிறாய் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆனால் வேறொன்றாகவும் இருக்கலாம். டிசம்பரில் அங்கே நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது என்கிறாய். சரியாகத் தூங்குவதில்லை, சமைப்பதில்லை என்று அம்மா சொல்கிறாள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வெளிச்சம் இருக்கும்போதே வெளியே போய் நடந்துவிட்டு வா. வேலையில் மட்டும் இல்லாமல் எதிலுமே மனசு ஒட்டவில்லை என்றால் தயங்காமல் டாக்டரைப் பார். எங்களிடமும் சொல். எந்த நேரமானாலும் போன் பண்ணு, நான் எடுப்பேன். டிசைன் வராவிட்டாலும் நீ எங்கள் தாமரைதான்.

இப்போது எனக்கு உன்னால் ஒரு காரியம் ஆகவேண்டும். தை மாதத்து ஆர்டருக்குச் சேலை உடலில் தூவுகிற புதுப் புட்டா கேட்கிறார்கள். நீ முன்பு அனுப்பிய படத்தில் இருக்கும் மூடி ஒன்றை எடுத்துக் கிராஃப் தாளில் போட்டுக்கொண்டிருக்கிறேன். வட்டம் படிக்கட்டாக நன்றாகவே வருகிறது. ஆனால் நடுவில் இருக்கிற நட்சத்திரத்துக்கு எத்தனை முனை என்று தெரியவில்லை, படத்தில் மழைத்தண்ணீர் தேங்கிப் பளபளக்கிறது. எட்டு என்றால் 240 கொக்கிக்குள் அடங்கும். பன்னிரண்டு என்றால் நான் வேறு வழி பார்க்கவேண்டும். அந்தத் தெருவுக்குப் போய் எண்ணிப் பார். போட்டோ வேண்டாம், கையால் வரைந்து அனுப்பு. முனைக்கும் விளிம்புக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்றும் குறித்துவிடு. உடலுக்கு அம்மா அரக்கு என்கிறாள், நான் மாந்துளிர் என்கிறேன். எது என்று நீ சொல்லிவிடு. வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் சாயத்துக்குக் கொடுக்கச் சரியாக இருக்கும்.

அன்புடன்,
அப்பா
பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்