யானைமலை வேறு சொல்கிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் மதுரை வரலாற்றுக் கட்டுரை, சம்பந்தர் வந்ததோடு மதுரையில் சமணம் ஒழிந்தது என்று ஒரே வரியில் கணக்கை முடித்துவிட்டது. ஒத்தக்கடையில், யானைமலையைப் பார்த்தபடியே நாற்பது ஆண்டுகளாகக் கோலம் போடுகிறவள் நான். அந்த வரியை அப்படியே விட மனம் வரவில்லை.

‘ஆனைமாமலை ஆதியாய இடங்களில்’ இருந்த சமணர்களைச் சம்பந்தர் ஏசிப் பாடியது உண்மை. அது ஏழாம் நூற்றாண்டு. 770இல் இதே மலையின் அடிவாரத்தில் பாண்டியன் நெடுஞ்சடையனின் மந்திரி மாறன் காரி நரசிங்கருக்குப் பாறையைக் குடைந்து குடைவரைக் கோயில் எடுத்தார். குடமுழுக்கை அன்று ‘நீர்த்தெளித்தல்’ என்றார்கள். அதற்குள் அவர் காலமாகிவிட, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து நீர் தெளித்ததாக வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. பிரதோஷக் கூட்டத்தில் அந்தச் சுவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நானும் பல ஆண்டுகள் பார்த்ததில்லை.

சமணம் ஒழிந்திருந்தால் கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அதே மலையில், கோயிலுக்கு நூறாண்டுக்கும் பிறகு, பாறையில் சமணர் வணங்கும் தீர்த்தங்கரர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். அச்சணந்தி என்ற சமணத் துறவியின் பெயர் அங்கே வெட்டப்பட்டிருக்கிறது. ஒளிந்து செய்த வேலை இல்லை இது. ஒரு திருமேனியைக் காக்கும் பொறுப்பு நரசிங்கமங்கலத்துச் சபையாருடையது என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். சபை என்றால் பிராமணர்களின் ஊரவை. நரசிங்கர் பெயரைத் தாங்கிய ஊரின் சபை சமணத் திருமேனிக்குக் காப்பு! இந்த ஒரு வரிக்காகவே கட்டுரையாளர் மலையேறியிருக்கலாம்.

நகரின் மேற்கே கீழக்குயில்குடிக்கும் போய் வரட்டும். ஐயனார் கோயிலையும் தாமரைக் குளத்தையும் தாண்டிச் சமணர் மலையில் படி ஏறினால் பேச்சிப்பள்ளம் என்ற இடம். சுனைக்கு மேலே வரிசையாகச் சமணச் சிற்பங்கள், கீழே செய்வித்தவர் பெயர்கள். குறண்டித் திருக்காட்டாம்பள்ளி என்ற சமணப் பள்ளியின் மாணாக்கர்கள் பெயர்கள் அங்கே உண்டு. எனக்கு மறக்காதது ஒன்றுதான்: அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி. மகன் துறவியாகி மலை மலையாய்ச் சிற்பம் செய்விக்க, தாயும் தன் பங்குக்கு ஒன்று செய்வித்திருக்கிறார். போன மாசியில் பேரன் அந்த எழுத்தைக் காகிதத்தில் பார்த்து எழுதினான். ‘தாயார்’ என்ற சொல் அவனுக்குப் பிடிபட அரை மணி நேரம் ஆனது. பிடிபட்டதும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தான்.

சம்பந்தரிடம் வாதில் தோற்ற சமணர்களின் கழுவேற்றம் நடந்ததா இல்லையா என்ற பெரிய வழக்குக்குள் நான் வரவில்லை. அதை விரித்துச் சொல்லும் பெரியபுராணம் 12ஆம் நூற்றாண்டு நூல்; குணமதியாரின் கல் அதற்கு முந்தியது. சண்டை இருந்திருக்கும், ஏச்சு இருந்தது பாட்டிலேயே தெரிகிறது. அதற்குப் பிறகும் இரு தரப்பும் ஒரே மலையில் உளி பிடித்திருக்கிறார்கள்.

கட்டுரை புத்தகமாக வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதற்குள் அந்த வரியைத் திருத்திவிடுங்கள். கட்டுரையாளர் நேரில் பார்க்க வருவதானால் காலை ஏழு மணிக்கே வரச் சொல்லுங்கள். பத்து மணிக்கு மேல் பாறையில் கால் வைக்க முடியாது. எழுத்தும் வெயிலில் மறைந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஒத்தக்கடை, மதுரை.