இன்முகம் இருக்கட்டும், இனிஷியல் என்ன ஆயிற்று?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில், வேலையில்லாதோர் உதவித்தொகைக்காக மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் செல்லும் இளைஞர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். வெளுத்த சட்டை, வாரிய தலை, அணைத்துவைத்த செல்போன், உட்காரச் சொன்ன பிறகே உட்காருதல் என எதையும் விடவில்லை. முத்தாய்ப்பாக, ‘கைநீட்டிப் பெறப்போகும் இடத்தில் குரல் உயரக்கூடாது, இன்முகம் காட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும்’ என்றும் அருளியிருந்தீர்கள். பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் மீதிப் பாதி வேலை என்ன என்று ஒரு வரி எழுதப் பக்கத்தில் இடம் இல்லாமல் போனதுதான் வருத்தம்.

முதலில், அது நேர்காணலே அல்ல. சான்றிதழ் சரிபார்ப்பு. நிரப்பிய படிவத்தையும் அசல்களையும் மேசையில் வைத்தால், எதிரே இருப்பவர் படிவத்தில் எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது, அசலும் நகலும் ஒத்துப்போகிறதா என்றுதான் பார்ப்பார். சட்டைக்கு இஸ்திரி போட்டிருக்கிறதா என்று பார்க்க அவருக்கு நேரமும் கிடையாது, அவசியமும் கிடையாது.

‘கைநீட்டி’ என்றீர்களே, அந்தக் கையில் எவ்வளவு விழுகிறது என்பது தாங்கள் அறியாததல்ல. பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் டூ முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று ஆண்டுகள் வரை, அதுவும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் வரும். பட்டதாரிக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய். இதைப் பெற, பதிவு செய்துவிட்டு ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மாதத்துக்கு 6,000. அப்பா பலகாரக் கடையில் 250 ரூபாய் தினக்கூலிக்கு 25 நாள் அடுப்படியில் நின்றால் 6,250 ஆகிவிடும். பிள்ளைக்கு உதவித்தொகை கிடையாது. இந்தத் தொகைக்கு வருகிறவனுக்குத்தான் குரலை எந்த உயரத்தில் வைப்பது என்று பாடம் நடத்தினீர்கள்.

அந்தப் பக்கத்தில் ஒரு படம் வேறு. கழுத்தில் டை, கையில் கோப்பு, பொறியியல் கல்லூரிப் பெயர் பொறித்த பை. பொறியியல், மருத்துவம், சட்டம், வேளாண்மை போன்ற தொழிற்படிப்புப் பட்டதாரிகளுக்கு இந்தத் திட்டமே பொருந்தாது. படத்தைத் தேர்வு செய்தவருக்கும் இன்முகம் காட்டியே வேலை முடிந்திருக்கும் போலிருக்கிறது.

உண்மையில் ஆட்கள் திரும்பி வருவது எதனால் என்று, எங்கள் வட்டாரத்தில் விண்ணப்பம் நிரப்பித் தரும் யாரைக் கேட்டாலும் முதலில் இனிஷியலைத்தான் சொல்வார்கள். நம் ஊர்ப்பக்கம் தாத்தா, அப்பா எழுத்தெல்லாம் சேர்த்து இரண்டு மூன்று எழுத்து இனிஷியல் போடுகிற பழக்கம் உண்டு. ரேஷன் அட்டையில் மூன்று எழுத்து, மதிப்பெண் பட்டியலில் ஒன்று, ஆதாரில் பெயருக்குப் பின்னால் ஒன்று, பாஸ்புக்கில் ஆங்கிலத்தில் வேறொன்று. கல்யாணமான பெண்ணுக்கு அதற்குமேல் கணவர் எழுத்தும் வந்து சேரும். இதற்கு வழி, மதிப்பெண் பட்டியலில் உள்ளதை மூலமாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு இணங்கத் திருத்துவது. மதிப்பெண் பட்டியலைத் திருத்தப் புறப்பட்டால் அது தனி யாத்திரை; ஆதாரும் பாஸ்புக்கும் அவ்வளவு பாடில்லை. அலுவலகம் இருக்கும் சிவகங்கைக்கு பஸ் ஏறும் முன்பே இதை முடித்துவிட வேண்டும். அங்கே போய், ‘நான்தான் சார் அது’ என்று எவ்வளவு பணிவாகச் சொன்னாலும் காகிதம் ஒத்துக்கொள்ளாது.

அடுத்தது புதுப்பித்தல். வேலைவாய்ப்புப் பதிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். உதவித்தொகைக்கோ ஐந்து ஆண்டு. அதாவது 2019 ஜூனில் பதிந்தவர் 2022-இல் ஒருமுறை புதுப்பித்திருந்தால்தான் 2024-இல் தகுதிக்கு வருவார். ஐந்தாம் ஆண்டை நினைவில் வைத்திருக்கும் பிள்ளைகள் நடுவில் வரும் மூன்றாம் ஆண்டை விட்டுவிடுகிறார்கள். புதுப்பிக்காமலே விட்டால் பதிவு மூப்பு போயிற்று. மறுபடி பதிந்து மறுபடி ஐந்து ஆண்டு. விட்டவர்களுக்காக அரசு அவ்வப்போது சிறப்புச் சலுகை அறிவிப்பதுண்டு. அப்படி ஒரு சலுகை அறிவிப்பைத் தங்கள் பத்திரிகை கடைசித் தேதி கழிந்த மறுநாள் வெளியிட்டதைச் சுட்டிக்காட்டி எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. அதைக் கிளற வேண்டாம் என்றுதான் நினைத்தேன். புதுப்பித்தலை வேலைவாய்ப்புத் துறை இணையதளத்தில் வீட்டிலிருந்தே காசில்லாமல் செய்யலாம் என்பதையாவது எழுதியிருக்கலாம். பட்டம் வாங்கிய பிறகு அந்தத் தகுதியைப் பதிவில் ஏற்றாமல் விட்டுவிட்டு, 600 ரூபாய் கேட்டு நிற்பதும் இதே வகைத் தவறுதான்.

படிவம் இலவசம். அலுவலகத்திலும் கிடைக்கும், இணையதளத்திலும் கிடைக்கும். காசுக்கு விற்பவரிடம் வாங்க வேண்டாம். வருமானத்துக்கு வருவாய்த் துறையினர் சான்றளிக்கும் இடத்தில் கையெழுத்து மட்டும் வாங்கிவந்து பயனில்லை; முத்திரையும் தேதியும் வேண்டும். கையெழுத்துப் போடும் அவசரத்தில் தேதி விட்டுப்போவது சகஜம். கிராம நிர்வாக அலுவலர் எதிரில் நிற்கும்போதே படிவத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும். பிறகு ஓடினால் அவர் ஜமாபந்தியில், அதாவது ஆண்டு வருவாய்க் கணக்குத் தணிக்கையில் இருப்பார்.

எடுத்துப்போக வேண்டியவை: மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், வேலைவாய்ப்பு அடையாள அட்டை, சாதிச் சான்றிதழ், ரேஷன் அட்டை, ஆதார், பாஸ்புக். எல்லாவற்றிலும் அசலும் நகலும். டி.சி. கல்லூரியில் கிடக்கிறது என்றால் அதை வாங்கிவிட்டுப் போக வேண்டும். நகலை எல்லாம் சேர்த்துப் பின் அடித்துவிடாமல் படிவம் கேட்கும் வரிசையில் தனித்தனியாக அடுக்கினால் பார்ப்பவருக்கும் சுலபம், நமக்கும் சுலபம். மரியாதை என்பது அங்கே இந்த அடுக்கில்தான் இருக்கிறது ஐயா, வாரிய தலையில் இல்லை.

பாஸ்புக்கைப் பற்றி ஒரு சொல். 1937-இல் சென்னை, ரங்கூனோடு சேர்த்துக் காரைக்குடியிலும் கிளை திறந்து இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கிய மண் இது. இங்கே கணக்கில்லாத வீடு அபூர்வம். நடமாட்டமுள்ள கணக்குத்தான் அபூர்வம். இரண்டு ஆண்டு வரவு செலவு இல்லாமல் கிடந்தால் கணக்கு செயலற்றதாகிவிடும். போகும் முன் நூறு ரூபாயாவது போட்டு எடுத்து, பாஸ்புக்கில் அச்சிட்டுக்கொள்ள வேண்டும். வங்கி இணைப்புகளுக்குப் பிறகு பல கிளைகளின் ஐ.எஃப்.எஸ்.சி. எண் மாறியிருக்கிறது, பழைய பாஸ்புக்கைப் பார்த்து எழுதினால் பணம் வராது.

குரல் விஷயத்துக்கு வருகிறேன். கத்தச் சொல்லவில்லை. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் சிரித்துக்கொண்டு திரும்புவது நன்னடத்தை ஆகாது. படிவம் திரும்பினால் எந்தக் குறைக்காக என்று கேட்டு, அதே படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்துத் தரச் சொல்லலாம். வாங்கிக்கொண்டால், வாங்கிய தேதிக்கு ஓர் அத்தாட்சி கேட்கலாம். உதவித்தொகை வாங்கினால் பதிவு ரத்தாகிவிடும், அரசு வேலைக்குப் பரிந்துரை வராது என்று ஊரில் ஒரு புரளி உண்டு. அப்படி எதுவும் கிடையாது. அழகப்பா பல்கலைக்கழகத்தில் தொலைநிலைக் கல்வியில் சேர்ந்திருப்பதை ஒளிக்கவும் வேண்டாம்; நாள்தோறும் கல்லூரி சென்று படிப்பவருக்குத்தான் தடை. ஒளிக்கக் கூடாதது வருமானமும் வேலையும். வேலை கிடைத்ததும் தெரிவித்துவிட வேண்டும்.

வாங்கத் தொடங்கியவர்கள் ஆண்டுதோறும் சுய உறுதிமொழி ஆவணம் கொடுக்க வேண்டும். இது தெரியாமல் முதல் ஆண்டோடு நின்றுபோனவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். தங்கள் முழுப் பக்கத்தில் இதற்கு அரை வரி இல்லை.

பழைய கணக்கு இன்னும் இரண்டு. கோனாபட்டும் ராயவரமும் செட்டிநாடுதான். ஆனால் புதுக்கோட்டை மாவட்டம். அந்த ஊர்ப் பிள்ளைகளையும் சேர்த்துச் சிவகங்கைக்குப் போகச் சொல்லியிருக்கிறது தங்கள் காரைக்குடிப் பதிப்பு. வீடு வரைபடத்தில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்க்காமல் எழுதினால் ஒரு நாள் கூலி போகும், அவ்வளவுதானே! இன்னொன்று, சென்ற ஆண்டு மாற்றுத்திறனாளிகளுக்கும் 72,000 ரூபாய் வரம்பு உண்டு என்று அச்சிட்டீர்கள். அவர்களுக்கு வருமான வரம்பே கிடையாது. காத்திருப்பு ஓராண்டுதான். பத்தாம் வகுப்பு வரை 600, பிளஸ் டூவுக்கு 750, பட்டதாரிக்கு 1,000 ரூபாய். பத்து ஆண்டு வரை கிடைக்கும். அந்தச் செய்தியை நம்பி விண்ணப்பிக்காமல் இருந்தவர்கள் யார் முகத்தில் விழிப்பது? திருத்தம் போட்டீர்கள் என்று கேள்வி. எந்தப் பக்கத்தில் என்று தேடியும் கிடைக்கவில்லை.

வேண்டுகோள் சிறியதுதான். மார்ச் 31, ஜூன் 30, செப்டம்பர் 30, டிசம்பர் 31 என்று காலாண்டுக் கணக்கில்தான் ஐந்தாண்டு முடிவைப் பார்க்கிறார்கள். அதையொட்டி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலிருந்து செய்திக்குறிப்பு வரும். அதை நகைக்கடை விளம்பரத்துக்கு அடியில் இரண்டு வரியாகச் சுருக்காமல், கடைசித் தேதியோடும் ஆவணப் பட்டியலோடும், வந்த வாரத்திலேயே பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். இரு மாவட்டத்துக்கும் தனித்தனியாக. மாற்றுத்திறனாளிகளுக்கான விதி தனிப் பத்தியில். படம் வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
பள்ளத்தூர்.