கோரை கிழிக்கிற மெஷினுக்கு எட்டு சொந்தக்காரர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

காப்புரிமை விண்ணப்பத்தில் தமிழ்நாடு முன்னணியில் இருக்கிறது என்று அடிக்கடி செய்தி போடுகிறீர்கள். படிக்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த எண்ணிக்கைக்குள்ளே என்னதான் இருக்கிறது என்று ஒரு தடவை எட்டிப் பார்த்து எழுதுங்கள். அதில் ஒன்று என் பட்டறையில் பிறந்தது, அந்த உரிமையில் கேட்கிறேன்.

சேரன்மகாதேவியில் இருபத்தாறு வருஷமாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பக்கத்து ஊர் பத்தமடை. பாய்க்குக் கோரையை நீளவாக்கில் கிழிப்பதற்குள் பெண்களின் விரல் என்ன பாடு படும் என்று அங்கே போய்ப் பார்த்தால்தான் தெரியும். 2024 ஆடி மாசம் ஒரு கல்லூரிப் பேராசிரியர் நாலு மாணவர்களோடு வந்தார். "அண்ணாச்சி, இதுக்கு ஒரு மெஷின் செய்யணும், பிராஜெக்ட்" என்றார். பேப்பரில் ஒரு படம் வரைந்து வைத்திருந்தார்கள். அதன்படி செய்ததில் கோரை பாதியிலேயே அறுந்துவிட்டது. அடி தடிமனாக, நுனி மெல்லிசாக இருக்கிற தண்டை ஒரே அளவு இடைவெளியில் இழுத்தால் அறுக்காமல் என்ன செய்யும்? அப்புறம் நான்தான் மேல் ரோலருக்கு ஒரு பழைய ஸ்கூட்டர் ஸ்பிரிங்கைப் போட்டேன். தண்டு மெலிய மெலிய ரோலரும் தானாக இறங்கும். பத்தமடையிலிருந்து ஒரு ராத்தா (முஸ்லிம் வீட்டு அக்கா) வந்து, பிளேடை இவ்வளவு சாய்த்து வையுங்கள் என்று தன் கத்தியைப் பிடித்துக் காட்டினார். அதற்குப் பிறகு கிழிந்தது பாருங்கள், ஓலை நறுக்கு மாதிரி! பதினோராயிரம் ரூபாய் பில், அதில் இரண்டாயிரம் இன்னும் பாக்கி, அது வேறு கதை.

கொஞ்ச மாசம் கழித்து என் அக்கா மகன் காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தைத் திறந்து காட்டினான். அதே மெஷின், அதே ஸ்பிரிங். கண்டுபிடித்தவர்கள் எட்டுப் பேர். அதில் நானும் இல்லை, ராத்தாவும் இல்லை, அந்த நாலு பிள்ளைகளும்கூட இல்லை. மெஷின் அந்தக் கல்லூரியில் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கிறதாம்.

கோபம் ஆறியபிறகு விசாரித்தேன். கல்வி நிறுவனத்துக்கு விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய்தான். 18 மாதம் காத்திருக்காமல் விண்ணப்பத்தைச் சீக்கிரமே வெளியிட இன்னும் 2,500. ஆக 4,100 ரூபாயில் 'காப்புரிமை வெளியானது' என்று போர்டு வைத்துவிடலாம். வெளியானது என்றால் கிடைத்தது என்று அர்த்தமில்லை. பரிசோதிக்கச் சொல்லி தனியாக 4,000 ரூபாய் கட்டி மனுப் போட வேண்டும், 31 மாதத்துக்குள் போடாவிட்டால் விண்ணப்பம் தானாகச் செத்துவிடும். இவர்கள் இதுவரை போடவில்லை. ஏன் போட வேண்டும்? மத்திய அரசின் கல்லூரித் தரவரிசையில் கிடைத்த காப்புரிமைக்கு மட்டுமல்ல, வெளியானதற்கும் மதிப்பெண் உண்டு. வேலை முடிந்தது.

இதைத்தான் நாம் ஆராய்ச்சி வளர்ச்சி என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

அரசாங்கம் காசு போட்டால் ஆராய்ச்சி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள நம்மூர்க்காரன் டெல்லிக்குப் போக வேண்டாம். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1937-இல் தொடங்கியது. 'அம்பை 16' அங்கிருந்து 1986-இல் வந்தது. எங்கள் அப்பா போட்ட நெல், இட்லிக்கு இன்றைக்கும் அந்த அரிசியைத் தேடுகிறவர்கள் உண்டு. விதைக்கும் செடிக்கும் நம் சட்டத்தில் காப்புரிமையே கிடையாது. விவசாயி எடுத்து வைத்துத் திரும்ப விதைக்கலாம், பக்கத்து வயல்காரனுக்கும் கொடுக்கலாம். அந்த நெல்லால் காப்புரிமைக் கணக்கில் ஒரு எண்ணிக்கைகூடக் கூடியிருக்காது, ஆனால் எத்தனை வீட்டு உலை கொதித்தது!

காவல்கிணறு பக்கம் மகேந்திரகிரியில் இருக்கிற இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின் சோதனைக்கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிரையோஜெனிக் எஞ்சின், அதாவது கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடுகிற ராக்கெட் எஞ்சின், அதன் தொழில்நுட்பத்தை ரஷ்யா நமக்குத் தரக்கூடாது என்று அமெரிக்கா 1990-களில் மல்லுக்கு நின்றது, கடைசியில் செய்த எஞ்சின்கள் மட்டும்தான் வந்தன. நாமே செய்து அந்த மலையடிவாரத்தில் எரித்து எரித்துப் பார்த்தோம். 2010 ஏப்ரலில் நம் எஞ்சினோடு போன முதல் ராக்கெட் கடலில் விழுந்தது. அதற்காக யாரும் கடையைச் சாத்தவில்லை, 2014 ஜனவரியில் ஜெயித்தது. இருபது வருஷம் பொறுமையாகப் பணம் கொடுக்க அரசாங்கத்தால்தான் முடியும், என்னைப் போல மாசக் கடைசியில் கரண்ட் பில்லுக்கு முழிக்கிறவனால் முடியாது.

ஆனால் நாடு மொத்தமாக ஆராய்ச்சிக்குச் செலவழிப்பது, 2020-21 கணக்குப்படி, மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதம். தென்கொரியா 4 சதவீதத்துக்கு மேல். 2023-இல் சட்டம் போட்டு வந்த தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்து வருஷத்தில் 50,000 கோடி என்றார்கள். அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து வர வேண்டியது. 2025-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த ஒரு லட்சம் கோடி, பெரும்பாலும் தனியார் கம்பெனிகளின் ஆராய்ச்சிக்குக் குறைந்த வட்டியிலோ வட்டியில்லாமலோ தரும் கடன். சரி, அதுவும் வேண்டியதுதான். இதற்கிடையில் பி.எச்.டி. படிக்கிற என் தங்கை மகளுக்கு உதவித்தொகை ஏழு மாசமாக வரவில்லை, பைக் டியூ நான் கட்டுகிறேன்.

நான் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. தரவரிசையில் வெளியான காப்புரிமைக்குத் தரும் மதிப்பெண்ணை எடுத்துவிடுங்கள், கிடைத்ததற்கு மட்டும் கொடுங்கள். பாதிக் கூத்து அன்றைக்கே நிற்கும். இன்னொன்று, மொழி. காப்புரிமை மனுவை இங்கிலீஷிலோ இந்தியிலோதான் எழுத வேண்டும் என்பது விதி. இந்த எட்டுப் பேருக்கு எதிராக ஆட்சேபணை மனுப் போட எனக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது, ஆனால் தமிழில் போட இடம் கொடுக்கவில்லை. ஸ்பிரிங் எதற்கு என்று எனக்குத் தமிழில்தானே சொல்லத் தெரியும்? கிண்டியில் அலுவலகம் வைத்திருக்கிறார்கள், அங்கே தமிழ் மனு வாங்க ஒரு மேஜை போட்டால் என்ன?

பழைய ஸ்பிரிங்கின் ஜோடி இன்னொன்று என்னிடம் இருந்தது. அதைப் போட்டு ராத்தாவுக்கு ஒரு மெஷின் செய்து கொடுத்துவிட்டேன். உங்கள் நிருபர் பத்தமடைப் பக்கம் வந்தால் ஓட்டிக் காட்டச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு லேத் பட்டறைக்காரன்,
சேரன்மகாதேவி