மண் நிரப்பாமல் வீடு கட்ட ஒரு விதி செய்யுங்கள்

சென்னைப் பெருநகருக்கான மூன்றாம் முழுமைத் திட்டத்தையும் கட்டட விதிகளையும் வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

முடிச்சூரில், அடையாற்றுக்குக் கொஞ்சம் தள்ளிக் குடியிருக்கிறேன். 1998இல் வீடு கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் வாசலுக்கு வருவோம். ரோடு மேல் ரோடு போட்டதில் இரண்டு படி புதைந்துபோயின. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. ஆதனூர், மண்ணிவாக்கம் ஏரிகளின் உபரி நீரும் ஆற்றோடு சேர, எங்கள் கூடத்தில் சுவிட்சுப் பலகை வரை தண்ணீர் நின்றது. அந்தச் சேற்றுக் கோடு இரண்டு முறை வெள்ளையடித்தும் இன்னும் மங்கலாகத் தெரிகிறது.

மறு ஆண்டு கடன் வாங்கி, ஜாக்கி வைத்து வீட்டை நாலடி தூக்கினோம். சுவரின் அடியை அறுத்து, வரிசையாக ஜாக்கிகளைச் செருகி, எல்லோரும் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார்கள். அம்மா எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் வீட்டைச் சுற்றி மனை முழுக்க மண் அடித்தோம். அடுத்த பெருமழையில் எங்கள் வீடு தப்பியது. தண்ணீர் அந்த எதிர்வீட்டுக்குள் போனது. அதை நினைத்தால் இன்றும் மனசு உறுத்துகிறது.

இப்போது பக்கத்து மனையில் கிராவல் கொட்டி எங்களைவிட இரண்டடி உயர்த்தியிருக்கிறார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. வெள்ளம் தேங்கும் இடங்களில் வீடு கட்டத் தடையின்மைச் சான்று (என்.ஓ.சி.) தரும்போது, இத்தனை மீட்டர் உயரத்துக்கு மனையை நிரப்ப வேண்டும் என்று நிபந்தனை போடுவதே வழக்கமாக இருக்கிறது. அதுதான் என் கவலை. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் நாலடி நிரப்பினால் 9,600 கன அடி. சுமார் 2,70,000 லிட்டர் தண்ணீர் நிற்க வேண்டிய இடம் அது. 12,000 லிட்டர் லாரியில் இருபத்திரண்டு லாரிக்கும் மேலான தண்ணீர். அது எங்கே போகும்? நிரப்ப வசதியில்லாதவர் வீட்டுக்குத்தான்.

ஆகவே, இந்தப் பகுதிகளில் நிரப்பு என்பதற்குப் பதில் தூணில் நிறுத்து என்று விதி சொல்லட்டும். கீழ்த்தளம் வாகனம் நிறுத்த மட்டும் இருக்கட்டும், நாலு பக்கமும் திறந்து, தண்ணீர் வந்து போகட்டும். மீட்டர் பெட்டி 2015 வெள்ள மட்டத்துக்கு மேலேதான் இருக்க வேண்டும். காம்பவுண்டுச் சுவரில் தண்ணீர் போக வழி விட வேண்டும். எந்தத் தெருவில் எத்தனை அடி நின்றது என்று கேட்டால் ஊரே சொல்லும். அதை அளந்து தெருவுக்குத் தெரு எழுதி வையுங்கள். பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினாரே, அதையும் கட்டட விதியோடு சேர்த்துப் பாருங்கள். மனை மட்டமும் ரோடு மட்டமும் வேறு வேறு கோப்பில் இருக்கும்வரை பழைய வீடுகள் பள்ளத்திலேயே கிடக்கும்.

தூண் எழுப்பச் செலவு கூடும், சிறு மனைக்காரருக்குக் கஷ்டம் என்பீர்கள். உண்மைதான். அவர்களுக்கு அனுமதிக் கட்டணத்தைக் குறையுங்கள், இன்னொரு மாடி கட்ட விடுங்கள். 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது வீட்டுக்கு வீடு அமைத்தோமே, இதையும் செய்வோம்.

எதிர்வீட்டு அக்கா ஐப்பசி பிறந்ததும் வாசலுக்குக் குறுக்கே மூன்று வரிசை செங்கல் அடுக்கிப் பூசிவிடுவார். தை வந்ததும் உடைப்பார். இந்த வருஷம் நாலு வரிசை வைக்கப்போவதாகச் சொல்கிறார்.

இப்படிக்கு,
முடிச்சூரிலிருந்து ஒரு குடியிருப்பாளர்